பின் சீட்டில் ஈவ்லின்

“நான் கண்ணால பார்த்தேங்க. அந்தக் கார்ல ஈவ்லின் படுத்திருக்கா!”

ஸ்ரீவித்யா ஓடிவந்து கணவர் ராஜகோபாலனிடம் சொன்னாள்.

ஈவ்லின், எதிர்வீட்டு தேவானந்தத்தின் மனைவி. போன ஐப்பசி மழையில், ஒரு விடிகாலையில், அந்தக் காருக்குள்ளேயே உயிர் போய்விட்டது.

ராஜகோபாலன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அனகாபுத்தூரில் அந்தத் தெருச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

அவருக்கும் உறுத்தல்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் தேவானந்தம் அந்தப் பழைய காரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மெக்கானிக் கிடையாது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிய பாகங்கள், செல்போன் வீடியோ, அவ்வளவுதான். கழற்றிய என்ஜின் மாமரக் கிளையில் சங்கிலியில் தொங்கும். காற்றே இல்லாதபோதும் மெல்லத் திரும்பும்.

இன்று மரக்கிளை காலியாக இருந்தது. என்ஜின் காருக்குள் ஏறிவிட்டது.

மங்கிய வெளிச்சத்தில் தேவானந்தம் அதன்மேல் குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு விடு... இன்னும் கொஞ்சம்... மூச்சு விடும்மா...”

ராஜகோபாலன் காரை நெருங்கினார். பின் சீட்டை எட்டிப் பார்த்தார். வெள்ளையாக, நீளமாக ஏதோ படுத்திருந்தது.

தேவானந்தம் உள்ளே ஏறிச் சாவியைத் திருகினார். என்ஜின் இருமியது. உறுமியது. பின் சீட்டில் படுத்திருந்ததும் அசைந்தது!

“தேவானந்தம்!” ராஜகோபாலனின் குரல் பிசிறியது. “என்ன சார் இது? உயிர் போன வண்டி. தெருவே பயப்படுது. எடைக்குப் போட்டுத் தொலைங்க!”

தேவானந்தம் இறங்கிவந்து பின்கதவைத் திறந்தார். ஒரு தலையணை, சுருட்டிய மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு.

“உடம்பு முடியாதவங்க படுக்கறதுக்கு சார். அன்னிக்கு ஆம்புலன்ஸ் வரத் தாமதமாச்சு. இந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகலை. ஒரு கையால சாவியைத் திருகிகிட்டே, மூச்சு விடு, மூச்சு விடுன்னு அவகிட்ட கெஞ்சினேன். அந்த வார்த்தை இன்னும் வாயை விட்டுப் போகலை.”

என்ஜினை அணைத்தார். சாவியை உருவி, கேட் ஓரத்து ஆணியில் மாட்டினார்.

“இனிமே தெருவுல யாருக்கு அவசரம்னாலும் எடுத்துக்கலாம். என்னைக் கேட்கக்கூட வேணாம். அன்னிக்கு நான் உங்க வீட்டுக்கு ஓடிவந்தப்ப, புதுக் கார் சாவி கிடைக்காம நீங்க எவ்வளவு தவிச்சீங்க! பாவம். அந்த மாதிரி யாருக்கும் ஆகக் கூடாது சார்.”

ராஜகோபாலனின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

அன்று சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.