யாளியின் வால்

ஜெயப்ரியா வரையும் பட்டுப்புடவை டிசைன்கள் தறியில் ஏறும் முன்பே, வேறு கடையின் விளம்பரமாக அவள் போனுக்கே வந்தன. மூன்று ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. டிசைன்களை அனுப்பும் இலவச மெயில்தான் திருடுகிறது என்று நினைத்து, விளம்பரமே இல்லாத மெயிலுக்குப் பணம் கட்டி மாறினாள்.

"காசு குடுத்தா மட்டும் வாய மூடிக்கினு இருக்குமா?" என்றான் கணவன் பாண்டியன்.

அடுத்ததாக ஒரு யாளி. போனை ஓரிக்கையில் இருக்கும் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து, கட்டத்தாளில் பென்சிலால் வரைந்தாள். வாலை வரையவில்லை. அதை எப்படிச் சுழிப்பது என்பது அவள் மனதில் மட்டும் இருந்தது.

மறுநாள் போனை வாங்கிவந்து திறந்தாள். விளம்பரமே இல்லாத மெயிலில் ஒரு விளம்பரம். அரக்குப் புடவையில் அதே யாளி, அவள் மனதில் இருந்தபடியே சுழித்த வாலோடு.

பாண்டியன் எட்டிப் பார்த்தான். "இன்னா அழகா போட்டுக்கிறாங்க பாரு! உனுக்கு ஏன் இப்டில்லாம் தோணவே மாட்டேன்குது?"