நாற்காலிக்கு அடியில்

உட்கார்ந்த பிறகுதான் முதுகு கண்டுகொண்டது.

மேலே சுருண்டு பின்பக்கம் சாயும் அதே சாய்மானம். குனிந்து பார்த்தாள். அரிவாள்போல் வளைந்த அதே கால்கள்.

கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

"அது இவங்கப்பா வழியில வந்த நாற்காலிம்மா. பழைய தோதகத்தி. நீ சோபாவுல வந்து உக்காரு" என்றார் பென்னட்டின் அம்மா.

தோதகத்தியாம்! மகோகனி, அமெரிக்க மகோகனி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பென்னட் அவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்திருக்கும் நாள். கத்தக் கூடாது.

"பரவாயில்ல ஆன்ட்டி."

ஊர் திரும்பிய அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன நாற்காலிகள் ஆறு. ஒவ்வொன்றின் அடியிலும், செய்தவன் உளியால் ரோமன் எண் வெட்டியிருந்தான். பிள்ளைகளும் ஆறு பேர். மூத்தவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஆறு என்று பங்கு பிரித்தாயிற்று.

மூன்று அவளுடைய அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு. சின்ன வயதில் அதன் அடியில் படுத்து, அந்த மூன்று கோடுகளைத் தடவிக்கொண்டேதான் அவள் தூங்குவாள்.

நான்கு, தாத்தாவின் தம்பி தானியேலுக்கு. சொத்துத் தகராறில் அண்ணனோடு முறைத்துக்கொண்டு போனவர்.

ஐந்து, தங்கை கிரேஸுக்கு. பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போனவர்.

கோபித்துக்கொண்டு போகும்போதுகூட இருவரும் நாற்காலியை விட்டுவிட்டுப் போகவில்லை. அப்படி ஒரு குடும்பம். அதற்கப்புறம் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மற்ற நான்கும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்; அப்படியானால் இது நான்கு, இல்லையென்றால் ஐந்து.

பென்னட் தானியேலின் பேரன் என்றால், அவளுக்கு அண்ணன்.

கிரேஸின் பேரன் என்றால், முறைப்பையன்.

அவனோ ஒன்றும் தெரியாமல் எதிரே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான், மடையன். இத்தனை நாள் காதலித்துவிட்டு இவனை அண்ணா என்று கூப்பிடுவதா?

கேட்டால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

கம்மலைக் கழற்றி நழுவவிட்டாள்.

"ஐயோ, கம்மல்!"

மண்டியிட்டுக் கையை அடியில் விட்டாள். முன்சட்டத்தின் உட்புறம். அதே இடம்.

சாய்ந்தாற்போல் ஒரு வெட்டு. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் கீழே கூடின.

ஐந்து!

இல்லை, அவசரப்படாதே. அதற்கு முன்னால் ஒரு கோடு இருந்தால் நான்கு.

விரலை இடப்பக்கம் நகர்த்தினாள்.

ஒரு கோடு தட்டுப்பட்டது.

போச்சு. எல்லாம் போச்சு.

ஆனால் உளி வெட்டு குழிந்தல்லவா இருக்கும்? இது மேடாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. குளவி கட்டிய மண்.

அதன் அடியில் வழுவழுவென்று மரம். வலப்பக்கமும் தடவினாள். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை!

சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உதடெல்லாம் மண்.

"கெடச்சுச்சாம்மா?" பென்னட்டின் அம்மாவும் குனிந்து பார்த்தார்.

கம்மல் அவள் முழங்கால் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதை இன்னும் எடுக்கவில்லை.

"கெடச்சிருச்சு அத்தை."