மதியக் குரல்

இந்தச் சுற்றில் வந்துவிடும். இதில் வராவிட்டால் அடுத்ததில்.

கணினித் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. மூன்று நாளாக அதே ஓட்டம். கொஞ்ச நேரம் ஓடும், திரை இருளும், பெட்டி ஒரு செருமல் செருமிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இனி ஒருநாளும் பிளக்கைப் பிடுங்க மாட்டேன் என்று அவள் அந்தப் புள்ளிகளிடம் மனசுக்குள் சொன்னாள். அவள் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. மருத்துவமனையில்கூட.

மூன்று நாளில் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டாள். தூசி துடைத்தாள். ஒரு ராத்திரி முழுக்க அணைத்து ஓய்வு கொடுத்தாள். நேற்றுக் காலை யாரும் பார்க்காதபோது பெட்டியில் காதை வைத்துக்கூடக் கேட்டாள். உள்ளே காற்றாடி சுற்றுவது மட்டும் கேட்டது.

மெக்கானிக் மேஜைக்கடியில் தலையை நுழைத்திருந்தார். பிரின்டர் வயரைக் கழற்றினார், ஸ்பீக்கரைக் கழற்றினார், மவுஸைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றைக் கழற்றியதும் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். புள்ளிகள் ஓடின.

"கண்ணு முழிச்சிடுதுக்கா. படுக்கையை விட்டுத்தான் எழுந்திரிக்க மாட்டேங்குது," என்றார். "ஓடிக்கிட்டிருக்கும்போதே நேரா பிளக்கைப் பிடுங்கற பழக்கம் உண்டா?"

"இல்ல தம்பி. கரண்ட் போயிருக்கும்."

சோபாவில் இருந்த கணவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவரிடம் குரல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், தொண்டை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, இந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து பதினெட்டு நாள் வாக்கியம் வாக்கியமாக வாசித்துக் கொடுத்தார். கணினி அதையெல்லாம் சேர்த்து அவர் குரலைச் செய்து வைத்துக்கொண்டது. எதை அடித்தாலும் அவராகவே பேசும். மருத்துவமனையில் இதற்குப் பயிற்சி கொடுத்த பெண் இன்னொரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று அது தள்ளிக்கொண்டே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நாலு நாள் அடித்துப் பார்த்தார். தன் குரல் தனக்கே எதிரில் உட்கார்ந்து பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் போதும் என்று விட்டுவிட்டார். அதற்கப்புறம் கணினியில் செஸ் மட்டும்தான்.

மெக்கானிக் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். டிஸ்க்கிலேயே அடி பட்டிருக்கிறது என்றார். குரல் இருக்கும் இடமும் திறக்க மறுக்கிறது. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஓடும். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டும். மாதக்கணக்காகும். கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கணவர் பலகையில் எழுதி உயர்த்தினார். 'அழிச்சுடுங்க. செஸ் ஆடி மூணு நாளாச்சு.'

மெக்கானிக் சிரித்தார். "சாரே சொல்லிட்டாரு. அவரு குரல்தானேக்கா?"

அவர் குரல்தான். அவள் என்னவென்று சொல்லுவாள்?

மதியம் சாப்பிட்டதும் அவர் உள்ளே போய்ப் படுப்பார். கதவு சாத்தியதும் அவள் கணினி முன் உட்காருவாள். முதல் நாள் 'மேனேஜரம்மா' என்று மட்டும் அடித்தாள். கேலியாக அவர் அவளைக் கூப்பிடும் பெயர். கேட்டதுமே வாய் தானாக "வந்துட்டேன்" என்றது.

அப்புறம் ஒருநாள் 'நீ சாப்பிட்டியா' என்று அடித்தாள். முப்பத்தோரு வருடத்தில் அவர் கேட்காதது. அதற்கப்புறம் கை நிற்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொரு மதியமாக அடித்து, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டாள்.

அந்த அறைக் கதவின் கைப்பிடி திறப்பதற்கு முன் இரண்டு தடவை கடகடவென்று ஆடும். முறைப்படி மூட நேரமிருக்காது. அவள் கை நேரே பிளக்குக்குப் போகும்.

கடைசி நாள் அடித்தது: 'உன் வேலையை விடச் சொன்னது என் தப்பு. அப்பவே தெரியும்.' மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை பாதியில் கைப்பிடி ஆடியது.

"இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க தம்பி," என்றாள். மெக்கானிக் பொத்தானை அமுக்கினார்.

கணவர் எழுந்து பக்கத்தில் வந்தார். பலகையை உள்ளங்கையால் துடைத்தார். நின்றபடியே நிதானமாக எழுதி, அவளுக்கு மட்டும் தெரியும்படி திருப்பினார்.

'உன் வேலையை விடச் சொன்னது என் தப்பு. அப்பவே தெரியும்.'

ஓர் எழுத்து மாறவில்லை.

அவள் கண் அந்த அறைக் கதவின் கைப்பிடிக்குப் போனது. கைப்பிடி லூசாக இருக்கிறது, ஆள் வைத்து முடுக்க வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் பலகையின் கீழே இடம் பார்த்துச் சின்னதாக இன்னொன்று எழுதினார். 'இப்ப அழிக்கலாமா?'

திரை இருண்டது. பெட்டி செருமியது. புள்ளிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

அவள் அவர் கையிலிருந்து மார்க்கரை வாங்கி மூடியைப் போட்டாள்.

"வேண்டாம் தம்பி," என்றாள். "கழட்டி அனுப்பிடுங்க."