பால் வழியும் பக்கம்

கிறிஸ்தவ மிஷன் கட்டிக்கொடுத்த புதுவீட்டு விறாந்தையில் பூரணம் பால் காய்ச்சுகிறாள். காலை வெயிலில் பெயின்ற் மணக்கிறது. பக்கத்துத் தகரக் கொட்டிலில் இருந்து வந்த ஜெனிற்றா, நீல யன்னலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறாள். ஒரு ஞாயிறும் தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவள் அவள். வீடு கிடைத்ததோ திருநீறு பூசுகிறவளுக்கு. "அடுத்தது உங்கடை வீடுதான், அக்கா," என்கிறாள் பூரணம். "ஓம், கர்த்தர் தருவார்," என்று ஜெனிற்றா பல்லைக் காட்டுகிறாள். பானை விளிம்பில் நுரை ஏறுகிறது. கிழக்கே வழிந்தால் வீடு சிறக்கும், தெற்கே வழிந்தால் கூடாது என்று கூடிநிற்கும் சனம் குனிந்து பார்க்கிறது. ஜெனிற்றாவுக்கு இந்தச் சாத்திரங்களில் துளியும் நம்பிக்கை இல்லை. வீட்டை ஆசீர்வதிக்க வந்த மிஷன் போதகர் ஜெபத்தைத் தொடங்க, அவள் கண்களை இறுக மூடி, உதடு அசையாமல் கேட்கிறாள்: "இயேசுவே, தெற்கே வழியட்டும்."