ஏழு முடிச்சு

"இன்னிக்கும் ஏழு முடிச்சையும் எவனோ அவுத்துட்டான்."

காலையில் தோட்டத்தில் நின்று அப்பா சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது.

சுவரோரம் ஒரு மரக் கிராதி. அதன் அடியில் அம்மா நட்ட கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடி. இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டு, வேருக்கு வெயில் படாமல் உடைந்த ஓடுகளைச் சாத்தி வைத்திருந்தாள். தண்டு நூல் மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுத்தினாலும் ஒடிந்துவிடும். அதை ஏழு இடத்தில் கிராதியோடு நூலால் கட்டுவது அப்பாவின் வேலை.

பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவருக்கு அந்த வேலையைக் கொடுத்ததும் அம்மாதான்.

"பூனை ஏதாவது வந்திருக்கும்ங்க," என்றாள் அம்மா.

"பூனைக்கு முடிச்சு அவுக்கத் தெரியுமா? மாடி வீட்டுக்காரன்தான். அவன் மோட்டாரை நான் பார்த்துக் குடுக்கலன்னு கடுப்பு."

முனகிக்கொண்டே நூலை எடுத்தார். ஏழு முடிச்சுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

மகளுக்கு மனசு பொறுக்கவில்லை. அப்பா மில்லில் இருபத்தாறு வருஷமாக எலக்ட்ரீஷியன். இப்போது வலது கைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மில்லில் இருந்து பார்க்க வந்த ஃபோர்மேன் ஆறு மாதம் தவணை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மூணு பின் பிளக் ஒண்ணை ஒயர்ல நீங்களே மாட்டிக் காட்டுங்கண்ணே. மறுநாளே டூட்டிக்கு வந்துடலாம். முடியலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. என் கையில எதுவும் இல்ல."

அதில் ஐந்தரை மாதம் போய்விட்டது.

அன்று மகள் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் அம்மா. மூட்டுவலியில் வீங்கிய விரல்களால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீயா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். நிறுத்தவில்லை. "மெதுவா பேசு."

"அரை மணி நேரம் கஷ்டப்பட்டுக் கட்டினாரும்மா. உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?"

"ஆஸ்பத்திரியில பந்து குடுத்து அமுக்கச் சொன்னாங்கல்ல, அது எங்க இருக்கு தெரியுமா?"

"எங்க?"

"பரண் மேல. 'நான் என்ன பச்சைக் குழந்தையா'ன்னு தூக்கி எறிஞ்சாரு. கை சரியாகணும்னு சொன்னா முகத்தைத் திருப்பிக்கிறாரு. மாடி வீட்டுக்காரன் அவுத்துட்டான்னு நினைச்சா உடனே போய்க் கட்டுறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"கொடி விழுந்துடாதா?"

"நல்லாப் பாரு."

மகள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு இலைக்காம்பும் மரச்சட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. கொடிக்கு நூலே தேவையில்லை.

கடைசி முடிச்சின் நுனியை அம்மா லேசாக இழுத்தாள். பொசுக்கென்று அவிழ்ந்தது.

"இதான் பயமா இருக்கு," என்றாள் அம்மா. குரல் இறங்கிவிட்டது. "முதல் மாசம் பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன். அவ்வளவு முரட்டு முடிச்சு. இப்ப இழுத்தா வந்துடுது. கையில திரும்பவும் பலம் குறையுதோ என்னவோ. இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

தவணை முடிந்த நாளில் மகள்தான் அப்பாவை மில்லுக்குக் கூட்டிப்போனாள். ஃபோர்மேன் மேஜையில் ஒரு பிளக்கையும் ஒயரையும் வைத்தார். சுற்றிலும் பத்துப் பேர். மகள் அப்பாவைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒயரைச் சீவினார். மூன்று நுனியையும் முறுக்கினார். அரிசி மணி அளவு திருகாணிகளை எடுத்து ஒவ்வொன்றாக இறுக்கினார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

நாலு நிமிஷம்.

ஃபோர்மேன் அந்த ஒயரில் ஒரு மேஜை ஃபேனைக் கோத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. மேஜை மேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. யாரும் அதைப் பொறுக்கவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு முதல் ஷிப்டுண்ணே," என்றார் ஃபோர்மேன்.

வீட்டில் அம்மா சேதியைக் கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

தோட்டத்தில் முதல் பூ விரிந்திருந்தது. உள்ளங்கை அகலம், ஊதா நிறம். மேலே இன்னும் பதினொரு மொட்டு. அப்பா வழக்கம்போல் நூலை எடுத்துக்கொண்டு கிராதியின் முன் நின்றார்.

"போதும்பா. கொடி தானாவே பிடிச்சுக்கிச்சு."

"தெரியும். அது பிடிச்சு மூணு மாசம் ஆச்சு."

மகள் அவரையே பார்த்தாள். "அப்ப அவுக்கறது யாருன்னு…"

"அதுவும் தெரியும். ரெண்டாவது மாசமே ஜன்னல் வழியா பார்த்துட்டேன்."

"பின்ன எதுக்கு மாடி வீட்டுக்காரரை அந்தத் திட்டு திட்டினீங்க?"

"திடீர்னு நிறுத்தினா உங்கம்மாவுக்குச் சந்தேகம் வராதா?"

மகள் சிரித்துவிட்டாள். உடனே வேறொன்று ஞாபகம் வந்தது.

"கைதான் நல்லாயிடுச்சே. அப்புறம் ஏன்பா முடிச்சு மட்டும் அவ்வளவு லூசா இருந்தது? அம்மா பயந்தே போயிட்டா."

அப்பா கொடியைச் சுற்றி நூலைப் போட்டார். ஷூ லேஸ் கட்டுவதுபோல் ஒரு கண்ணி விட்டு, அழகாக இறுக்கினார்.

"லூசு இல்ல பாப்பா. இந்த நுனியை இழுத்தா தானா வந்துடும். இதைப் போடக் கத்துக்கத்தான் எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. முரட்டு முடிச்சாப் போட்டா, உங்கம்மா விரல் என்னத்துக்கு ஆகும்?"