பக்கத்துப் படுக்கைக்காரன்

ஆவணக் காப்பகத்தின் பழைய பதிவேட்டில் இருந்த அந்த வரியை வாத்தியார் மூன்றாவது தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்க அது மாறிவிடுமா என்ன?

கொள்ளுத்தாத்தாவின் பெயர், குடும்பப் பெயரோடு, சுத்தமான எழுத்தில் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள், தோட்டத்து ஆஸ்பத்திரியில், வயிற்றுப்போக்கில் மரணம்.

மூன்றாம் நாளே செத்தவர், அப்புறம் எப்படி முப்பது வருஷம் தோட்டத்தில் உழைத்து, கல்யாணம் கட்டி, ஏழு பிள்ளை பெற்றார்?

பதிலும் அங்கேயே பொடி எழுத்தில் இருந்தது. ‘இறந்தவனுக்கு இரண்டு வருட ஒப்பந்தம். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு ஐந்து. இவன் இறந்தவனுடைய பெயர்த் தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். ஆள் பற்றாக்குறை, விசாரணை வேண்டாம்.’

பக்கத்துப் படுக்கைக்காரனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு.

வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. அடப்பாவி மனுஷா! இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டா நாலு தலைமுறையாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம்? ஞாயிற்றுக்கிழமை குடும்ப விழா. ‘எங்கள் பெயரும் பெருமையும்’ என்று புத்தகமே அச்சாகிவிட்டது. எழுதியவர் சாட்சாத் இவரேதான்.

“அண்ணே, ஏதாவது கிடைச்சுதா?”

எதிர் நாற்காலியில் தையல்காரம்மா. அதே குடும்பப் பெயரைத் தேடிக் கடல் தாண்டி வந்தவள். திங்கட்கிழமை பார்த்ததுமே “அப்ப நாம சொந்தம்!” என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டவள். அன்றிலிருந்து அவள் மதியச் சோற்றில் பாதி இவருக்கு.

அவள் வீட்டில் அந்தப் பெயர் ஒரு வசவு. அவளுடைய கொள்ளுத்தாத்தா, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் தலைமுழுகிவிட்டுக் கப்பலேறிய பாவி. ஒரு வரி கடுதாசி கிடையாது. யாராவது சொன்ன சொல் தவறினால், நீயும் அந்தாளு ரத்தம்தானே என்பார்களாம்.

“ஏன் எழுதலைன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்ணே. திட்டுறதையாவது நிறுத்திடுவோம்.”

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினால் போதும். ஒரு நிமிஷ வேலை.

“இல்லம்மா. இதுல ஒண்ணும் இல்ல.”

சொன்ன வாயைக் கழுவவேண்டும் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எழுத்தரிடம் போனார்.

“பதிவேட்டைப் பார்த்தவங்க கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடணும் சார். பேரு முழுசா” என்றார் எழுத்தர், தலையைத் தூக்காமலே.

கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய தேதி. முதலெழுத்தைக் கொக்கிபோல் வளைத்துப் போடும் அந்தக் கையெழுத்தைத் தன் ராங்க் கார்டுகளில் அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

அப்பா.

பின்னால் தையல்காரம்மா அடுத்த பதிவேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

வாத்தியார் அப்பாவுக்கு நேர் கீழே, குடும்பப் பெயரையும் விடாமல், கையெழுத்துப் போட்டார்.