கணுவில் வெளிச்சம்

வவ்வால் கையுறையோடு சேர்த்துக் கடித்தது.

அவளுக்கு உறைக்கவில்லை. சின்ன வயதில் கல் விழுந்ததிலிருந்து இடது கட்டைவிரலில் உணர்ச்சி கிடையாது. வவ்வாலுக்குக் கடிக்க அந்த விரலைத்தான் கொடுப்பாள்.

இறக்கையை விரித்தாள்.

வால் பாதி தோலுக்குள். மீதி வெளியே, சுண்டெலி வால் போலத் தொங்கியது. மேலுதட்டில் சுருக்கம். இந்தக் குவாரிப் பாறையின் இடுக்கில் இருக்கிற அத்தனைக்கும் அப்படித்தான்.

இது மட்டும் சிறிசு. முன்கை எலும்பு மற்றவற்றில் முக்கால்வாசிதான் வந்தது.

குட்டி என்றால் ஒன்றுமில்லை. எங்கும் இருக்கிற இனம். பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். இன்றைக்கே பாறையில் துளை போட ஆரம்பித்துவிடுவார்கள்.

வளர்ந்தது என்றால், இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம். எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகு இந்தப் பாறையில் ஒருவரும் கை வைக்க முடியாது.

தகரக் கொட்டகைக்கு வெளியே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வவ்வால் பிரச்சினையில் வேலை நின்று ஒரு மாதம் ஆகிறது.

"நம்ம வயசே நமக்குத் தெரியாது. வவ்வாலுக்கு வயசு பாக்க ஆளு வந்திருக்கு," என்றாள் அழகம்மை.

"தவசி தங்கச்சிதானக்கா. அண்ணன் மூஞ்சிக்காகவாவது குட்டின்னு சொல்லிரும்."

யாரோ சிரித்தார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

தவசி உள்ளே, அவள் எதிரில் செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்ப்ரஸரில் துளை போடுகிறவன். சும்மா இருக்கும்போதும் கை நடுங்கும். அவள் படித்த படிப்பெல்லாம் அந்தக் கை சம்பாதித்துப் போட்டது.

"இதுல என்ன பாப்பா தெரியும்?"

"விரல் கணுவுக்குப் பின்னால பிடிண்ணே. குட்டின்னா கணுவுல எலும்பு மூடியிருக்காது. வெளிச்சம் ஊடால வரும். பெருசுன்னா வராது."

அவன் உடனே பிடிக்கவில்லை.

அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. குவாரியில் சோதனை வந்தது. கல் உடைத்த பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போய் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டு எலும்பில் கறுப்பாக ஒரு கோடு. மூடாத இடைவெளி. அவளுக்கே தெரிந்தது.

முதலாளியின் ஆள் கதவருகே நின்றான்.

"பதினாறு முடிஞ்சிருச்சுங்க," என்றான் தவசி.

டாக்டர் அதையே எழுதினார்.

மறுநாள் அவள் கல்லுக்குப் போனாள். விரலில் உணர்ச்சி போனது அந்த வருஷம்தான். அதற்கப்புறம் அவனே அவளைக் கூட்டிப்போய் விடுதிப் பள்ளியில் சேர்த்தான். அந்த எக்ஸ்ரேயைப் பற்றி இருவரும் பேசியது இல்லை.

லைட்டைப் பிடித்தான்.

இறக்கைத் தோல் சிவந்தது. மயிரிழை போல ரத்தக்குழாய்கள் தெரிந்தன. கணு மட்டும் மிளகு மாதிரி உருண்டு, கறுத்து நின்றது.

அடுத்த விரலைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

"நீயே பாருண்ணே."

அவன் குனிந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வெளிச்சம் அவன் கையோடு சேர்ந்து ஆடியது.

"வருதே பாப்பா," என்றான். "வெளிச்சம் வருது. குட்டிதான்."

அதே குரல்.

அன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் வெளியே போனான். அழகம்மை எழுந்து சேலையை உதறினாள். சட்டி, கூடை, கடப்பாரை என்று ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்டது. "டீசல் இருக்காடா பாரு," என்று எவனோ கத்தினான்.

அவள் வவ்வாலைத் துணிப்பைக்குள் விட்டு வாயைச் சுருக்கிக் கட்டினாள். அளவுகோலைத் துடைத்தாள். பெட்டியை மூடினாள். கைகள் அவற்றின் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ரோட்டுக்குப் போகிற வழி அந்த இடுக்கை ஒட்டித்தான்.

உள்ளே மற்றவை கீச்சிட்டுக்கொண்டிருந்தன. குட்டி என்றால் விட வேண்டிய இடம்.

தவசி கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நிற்கவில்லை.

பை தோளில் தொங்கியது. அதில் கனம் இருந்தது. ஒருமுறை அசைந்தது.

ரோட்டில் பஸ் வர நேரமாயிற்று. வெயிலில் நின்றாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதுவரைக்கும் கம்ப்ரஸர் சத்தம் கேட்கவில்லை.